பேருந்தின் இடப்பக்கம்

நிறுத்தி வைத்திருக்கும் காரைச் சைக்கிளில் கடக்கும் முன், அக்கா அதன் பின்கண்ணாடி வழியாக உள்ளே தலை தெரிகிறதா என்று பார்க்கிறார். தெரிந்தால் ஒரு கதவின் அகலம் விலகிப் போகிறார். தெரியாவிட்டாலும் ஒரு கதவின் அகலம் விலகித்தான் போகிறார். பிறகு எதற்குப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். "குனிஞ்சு செருப்பைத் தேடிக்கிட்டு இருந்தா?" என்றார். தினமும் அவர் சைக்கிளுக்குப் பின்னால் என் சைக்கிளும் போவதால் இந்தப் பழக்கம் எனக்கும் தொற்றிக்கொண்டது. சென்ற வாரம் கடைக்கு நடந்து போகும்போதுகூட ஒரு காருக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே கணவனும் மனைவியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சண்டையை நிறுத்திவிட்டு இருவரும் ஒற்றுமையாக என்னை முறைத்தார்கள்.

எங்கள் வேலையிடத்தில் இவருக்கு 'மெதுவா அக்கா' என்று பெயர். சைக்கிளில் மணி இருக்கிறது, ஆனால் அடிக்க மாட்டார். மணி அடித்தால் முன்னால் போகிறவர்கள் திடுக்கிட்டு நம் பக்கமே சாய்வார்கள் என்பது அனுபவத்தில் அவர் கண்டது. அதனால் வாயாலேயே "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டு போவார். தெருவில் குறுக்கே ஓடும் குழந்தைக்கும் அதுதான், தண்ணீர் லாரிக்கும் அதுதான், இறக்கத்தில் தனக்குத் தானேயும் அதுதான். லாரிக்காரனுக்கு இது எப்படிக் கேட்கும் என்று ஒருநாள் வம்புக்கு இழுத்தேன். "அவனுக்குக் கேக்க வேண்டாம்டி. எனக்குக் கேட்டா போதும்" என்றார்.

நாங்கள் பல் செய்கிறவர்கள். மருத்துவர்கள் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சில் மாவு ஊற்றித் தாடையை வார்த்து, மெழுகு கட்டி, பல் பல்லாக நட்டு, வேகவைத்து, மெருகேற்றித் திருப்பி அனுப்புவோம். மாடியில் மூன்று அறைகள், எங்கே கை வைத்தாலும் வெள்ளைப் பொடி. முன்னறையில் பெட்டிகளை வாங்கி வைப்பதும், தொலைபேசியில் மருத்துவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதும் என் வேலை. பல் நடுவது அக்காவின் வேலை. இரண்டு தாடைகளையும் கீல் வைத்த இரும்புச் சட்டத்தில் மாட்டி, நடுவில் நீலத் தாளை வைத்துக் கடிக்கவிட்டுப் பார்ப்பார். நீலம் எங்கே அழுத்தமாக ஒட்டுகிறதோ அங்கே பல் உயரம். சுரண்டுவார், மறுபடியும் கடிக்கவிடுவார், மறுபடியும் சுரண்டுவார். போதும் அக்கா, பல் தேய்ந்துவிடும் என்று நாங்கள் கெஞ்சும்வரை விடமாட்டார். கண்ணால் பார்த்தே இராத யாரோ ஒரு பெரியம்மாவுக்குப் பல் செட் செய்து அனுப்பிவிட்டு, மறுநாள் காலை சைக்கிளை மிதித்துக்கொண்டே, "அந்தம்மா நேத்து ராத்திரி கடிச்சுச் சாப்பிட்டிருப்பாங்களா?" என்று என்னைக் கேட்பார். எனக்கு எப்படித் தெரியும்?

சைக்கிள் ஓட்டினால் மனசு லேசாகும் என்று ஏதோ ஒரு பத்திரிகையில் வந்திருந்ததைச் சாப்பாட்டு நேரத்தில் அவருக்குப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதை எழுதினவரு எந்த ரோட்டுல போனாராம்?" என்றார்.

அக்காவுக்குச் சாலை என்பது ஒரு பள்ளிக்கூடம், அதுவும் தினம் பரீட்சை வைக்கிற பள்ளிக்கூடம். தேங்கிய தண்ணீரில் சைக்கிளை விடமாட்டார். "தண்ணிக்கு அடியில ரோடு இருக்குன்னு யாரு சொன்னா?" என்பார். பச்சை விளக்கு எரிந்ததும் கிளம்பமாட்டார். "நமக்குப் பச்சைன்னு அந்தப் பக்கத்துல இருந்து வர்றவனுக்குத் தெரியணுமே." நாய் துரத்தினால் இறங்கி, அதனுடன் ஏதோ குடும்ப விஷயம் பேசுவது போலப் பேசிக்கொண்டே நடப்பார். நாய்க்குச் சலிப்பு வந்து திரும்பிப் போய்விடும். காற்றைப் பற்றி மட்டும் அவருக்கு ஒரு தீராத மனக்குறை உண்டு. போகும்போது எதிர்க்காற்று என்றால் வரும்போது பின்காற்றாகத்தானே இருக்க வேண்டும்? வரும்போதும் எதிர்க்காற்றுதான். சங்கிலியில் சிக்காமலிருக்கக் கால்சட்டையின் நுனியில் துணி உலர்த்தும் கிளிப் ஒன்றை மாட்டியிருப்பார். வேலைக்கு வந்தபின் கழற்ற மறந்துவிட்டு, பகல் முழுக்க அந்தக் கிளிப்போடு நடமாடுவார். நாங்களும் சொல்லமாட்டோம். மாலையில் சைக்கிளை எடுக்கும்போது அந்தக் கிளிப்பையே தேடுவார், அதைப் பார்ப்பதில் எங்களுக்கு ஒரு சந்தோஷம்.

இவருடைய வீட்டுக்காரர் நகரப் பேருந்து ஓட்டுகிறார். பேருந்து ஓட்டுநரின் மனைவி சைக்கிளில் போவதாவது என்று தெருவில் கேலி செய்யாதவர்கள் இல்லை. காரணம் எளிமையானது. பேருந்தில் ஏறிய சிறிது நேரத்தில் அக்காவுக்குக் குமட்டிக்கொண்டு வரும். கணவர் ஓட்டும் பேருந்து என்று வயிறு சலுகை காட்டுவதில்லை. மாமா (அப்படித்தான் நான் அவரைக் கூப்பிடுவேன்) அதற்காக வருத்தப்பட்டதில்லை. அக்கா முதன்முதலில் சைக்கிளில் வேலைக்குக் கிளம்பியபோது ஒரே ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தாராம். டிரைவர் உட்காருவது வலது பக்கம். பேருந்தின் இடப்பக்கம் நடப்பது அவனுக்குக் கடைசியாகத்தான் தெரியும். ஆகையால் சைக்கிளை அங்கே கொண்டுபோய் நிறுத்தாதே, பின்னால் நில். தப்பித் தவறி நிற்க நேர்ந்தால் டிரைவரின் முகம் தெரிகிற மாதிரி நில். அவன் முகம் உனக்குத் தெரிந்தால் நீயும் அவனுக்குத் தெரிவாய். அக்கா இதை ஒரு மந்திரம் போல வைத்திருந்தார். எனக்கும் சொல்லிக்கொடுத்தார், நானும் என் மகனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவனும் சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போகிறான்.

போன மழைக்காலம் முடிந்த கையோடு அக்காவிடம் ஏதோ மாறிவிட்டது. ஒருநாள் முழங்கை சிராய்ந்து, முன்கூடை நசுங்கி வந்தார். வழுக்கிவிட்டது என்றார். சாப்பாட்டு டப்பாவைக் காணோம், எங்கேயோ விழுந்துவிட்டதாம். நம்பினேன். ஆனால் அடுத்த வாரத்திலிருந்து, "எனக்காக நிக்காத, நீ உன் நேரத்துக்கு வந்துடு" என்றார். நான் கிளம்புவதற்கு வெகுநேரம் முன்பே அவர் வீட்டு வாசலில் சைக்கிள் இருக்காது. எனக்கு முன்னால் கிளம்பியவர் வேலைக்கு எனக்குப் பின்னால் வந்து சேர்ந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருக்கும். கல்லூரியில் படிக்கும் தன் பெண்ணுக்கு ஒருநாளில் பலமுறை போன் செய்து, போய்ச் சேர்ந்தாயா, சாப்பிட்டாயா, ரோட்டை எங்கே கடந்தாய் என்று கேட்பார். அந்தப் பெண் கடைசியில் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டாள். எடுக்காவிட்டால் இன்னும் மோசம்.

பிறகு ஒரு மருத்துவர் போன் செய்தார். அக்கா செய்த செட், நோயாளியின் வாயில் வலப்பக்கம் கடித்தால் இடப்பக்கம் சேரவில்லை என்றார். அக்கா செய்த பல் அதுவரை திரும்பி வந்ததே இல்லை. நான் சொன்னதும் அவர் மறுத்துப் பேசவில்லை. திரும்பி வந்த செட்டைச் சட்டத்தில் மாட்டி, நீலத் தாளை வைத்துக் கடிக்கவிட்டு, தாளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. வீட்டில் ஏதோ பெரிதாக நடக்கிறது என்று நினைத்தேன். மாமாவைப் பற்றிக்கூடத் தப்பாக நினைத்தேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. இப்படி இருக்கும் பெண்ணைப் பார்த்தால் யாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான்.

மற்றவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கும் புத்தி எனக்குக் கொஞ்சம் அதிகம். மறுநாள் நானும் வெகுநேரம் முன்பே கிளம்பினேன். அக்கா நூலகத்து முனையில் நின்றுகொண்டிருந்தார். பெரிய சாலையிலிருந்து பேருந்துகள் இடப்பக்கம் வளைந்து திரும்பும் இடம் அது. சைக்கிளை நடைபாதை ஓரம் சாய்த்துவிட்டு, சாலையில் இறங்கி, இரண்டு கைகளையும் விரித்து, பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் வரும் பிள்ளைகளை மறித்துக்கொண்டிருந்தார். "மெதுவா, பஸ்ஸு திரும்புது, பின்னால போங்க." பிள்ளைகள் அவரை யாரோ அரசாங்கத்து ஆள் என்று நினைத்து மரியாதையாக நின்றார்கள். ஒரு பேருந்து வந்து, வளைந்து, போனது. ஓட்டியவர் மாமா. அவர் அக்காவைப் பார்க்கவில்லை. பேருந்தின் முதுகு மறையும்வரை கையை விரித்தபடியே நின்றுவிட்டு, பிறகுதான் அக்கா கைகளை இறக்கினார். அடுத்து வந்த பேருந்துக்கு யாரையும் மறிக்கவில்லை.

பக்கத்தில் போய், இதற்கு யாராவது சம்பளம் தருகிறார்களா என்று கேட்டேன். என் வாய்க்கு அந்த நேரத்தில் அதுதான் வந்தது. அக்கா சிரிப்பார் என்று நினைத்தேன். திறக்காத ஒரு கடையின் படியில் போய் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். முன்கூடை நசுங்கிய நாளின் கதையை அங்கேதான் சொன்னார்.

அன்று இதே முனையில் சிவப்பு விளக்கு. முதல் வரிசையில் மாமாவின் பேருந்து. அக்கா எப்போதும் போலப் பின்னால்தான் நின்றிருக்க வேண்டும். "வேற பஸ்ஸா இருந்தா பின்னாலயே நின்னிருப்பேன். நம்ம வண்டிதானேன்னு பக்கத்துல போயிட்டேன்" என்றார். இத்தனை வருடத்தில் அவர் சாலையை நம்பியது அந்த ஒருமுறைதான். முன்கதவுக்கு நேராக நின்றார். கதவுக் கண்ணாடி வழியாக மாமாவின் முகம் நன்றாகத் தெரிந்தது. மாமா இடப்பக்கம் லேசாகத் திரும்பி அக்கா இருந்த திசையில் பார்த்தார். அக்கா கையைத் தூக்கிக் காட்டினார். சிரிக்கவும் செய்தார்.

"என்னைப் பாத்துக்கிட்டே என் மேல திருப்பினாருடி."

நடைபாதை மீது விழுந்ததால் பிழைத்தார். சாப்பாட்டு டப்பாவின் மேல் பின்சக்கரம் ஏறிவிட்டது. பேருந்து நிற்காமல் போய்விட்டது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த மாமா, முழங்கையைப் பார்த்துவிட்டு மருந்து போட்டுவிட்டார். ரோட்டைப் பார்த்து ஓட்டக்கூடாதா என்று செல்லமாகத் திட்டவும் செய்தாராம்.

அதற்குப் பிறகு அக்காவின் கண்ணில் எல்லாமே பட ஆரம்பித்தது. இடது கைப்பக்கம் வைத்த தண்ணீரை மாமா தட்டிவிடுகிறார். வாசல் நிலையில் இடது தோளை இடித்துக்கொள்கிறார். வீட்டில் எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்துவந்தார்கள், மாமாவும் சேர்ந்து சிரித்தார். பணிமனையில் வருடந்தோறும் கண் பரிசோதனை நடக்கும். நேராக மாட்டிய பலகையில் பொடி எழுத்தைக் கடைசி வரிவரை படித்துவிட்டு, கழுகுக் கண் என்று பெயர் வாங்கிக்கொண்டு வருவார். எழுத்து நேராக இருக்கிறது, சைக்கிள் பக்கவாட்டில் அல்லவா வருகிறது? ஒருநாள் அவர் சாப்பிடும்போது அக்கா இடப்பக்கமாக உட்கார்ந்து, அவர் கண்ணோரத்துக்கு நேராகக் கையை நீட்டி விரல்களை ஆட்டினார். மாமா சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். அக்கா எழுந்து உள்ளே போய், வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அக்காவிடம் ஒன்றுக்கு இரண்டு பதில்கள் இருந்தன. சொன்னால் அந்த மனிதர் வண்டியைவிட்டு இறங்க வேண்டும், ஓட்டுவதைத் தவிர அவருக்கு வேறு எதுவும் தெரியாது, பெண்ணின் படிப்பு இன்னும் முடியவில்லை. அது ஒன்று. இன்னொன்றைச் சாலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். கட்டின பெண்டாட்டியையே இடித்துத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறோம் என்று தெரிந்தால் அவர் தாங்கமாட்டார். அதனால் காலையில் அவர் பேருந்து திரும்பும் நேரம் பார்த்து இங்கே வந்து நிற்கிறார். அக்காவைப் பொறுத்தவரை அது காவல்.

எனக்குக் கோபம் வந்தது. பயமும் கோபமும் சேர்ந்து வந்தன என்பதுதான் சரி. என் மகனும் இதே வழியில் போகிறான் என்ற நினைப்பு நெஞ்சில் முள் மாதிரி நின்றது. அதை அக்காவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஒரு முனையில நீங்க நிக்கிறீங்க. மத்த முனையில எல்லாம் யாருக்கா நிக்கிறது?" என்று மட்டும் கேட்டேன். அக்கா என்னைப் பார்த்தார். அந்தக் கேள்வி அவருக்குப் புதிதல்ல என்று முகத்திலேயே தெரிந்தது. தினமும் ராத்திரி தன்னைத் தானே அதைக் கேட்டுக்கொண்டிருந்திருப்பார்.

அன்று பகல் முழுக்க அக்கா ஒரு பல்கூட நடவில்லை. சாயங்காலம் கிளம்பும்போது, நாளைக்குக் காலையில் டிப்போவுக்கு வருகிறாயா என்றார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அக்காவை எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன். அன்று ராத்திரி என் வீட்டில் நான்தான் தூங்கவில்லை.

பணிமனைக்குப் போகும் வழியெல்லாம் அக்கா வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்க்கிறார் என்று புரிந்தது. உள்ளே பேருந்துகள் வரிசையாக நின்றன. டீசல் நாற்றம், எங்கோ ஒரு வாளி உருளும் சத்தம். மாமா தன் பேருந்தின் பக்கக் கண்ணாடியைப் பழைய செய்தித்தாளால் துடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் சிரித்தார். இரண்டு பேரும் வழி தவறி வந்துவிட்டீர்களா என்று கேட்டார். நல்ல மனிதர். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது, இன்றைக்கு வேண்டாம் அக்கா, திரும்பிப் போய்விடலாம் என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது.

அக்கா ஒத்திகை பார்த்த எதையும் சொல்லவில்லை. "மழை விட்டு அடுத்த வாரம், லைப்ரரி முனையில உங்க இடப்பக்கம் ஒரு சைக்கிள் நின்னுச்சு" என்றார். பிறகு, "அது நான்தாங்க" என்றார்.

மாமாவின் கை கண்ணாடியின் மேலேயே நின்றுவிட்டது. எங்களுக்குப் பின்னால் யாரோ ஒரு ஓட்டுநர் யாரையோ பெயர் சொல்லிக் கத்திக்கொண்டு போனார். மாமா செய்தித்தாளை நான்காக மடித்தார், பிறகு அதையும் மடித்தார்.

"சத்தம் கேட்டுச்சு" என்றார். "ஏதோ டப்பா மேல ஏறுன மாதிரி. கண்ணாடியில பாத்தேன். யாரும் இல்ல."

கண்ணாடியை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு, "யாரும் இல்லன்னுதான் நெனச்சேன்" என்றார்.

அக்காவின் முழங்கையைப் பிடித்துத் திருப்பி, ஆறிப்போன தழும்பைப் பார்த்தார். தானே மருந்து போட்ட புண். கொஞ்ச நாளாகவே வண்டியை உருட்டிக்கொண்டுதான் போகிறேன், பயணிகள் மாட்டுவண்டி என்று ஏசுகிறார்கள் என்றார். ஏன் உருட்டுகிறார் என்று யாரும் கேட்கவில்லை. ஆளுக்கு ஒரு பக்கம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு, ஒரே வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள் இரண்டு பேரும்.

திடீரென்று மாமா ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். முன்கதவைச் சாத்தினார். அன்றைக்கு எங்கே நின்றாயோ அங்கே போய் நில் என்றார். அக்கா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பேருந்தின் இடப்பக்கம் போனார். நான் இரண்டு பேரையும் பார்க்கும்படி முன்பக்கம் சற்று விலகி நின்றேன். அக்கா கதவுக்கு நேராக நின்று கையைத் தூக்கினார். மாமா, ஓட்டும்போது பார்ப்பது போலவே, இடப்பக்கம் லேசாக முகத்தைத் திருப்பினார். கண்ணாடிக்கு உள்ளே ஒரு முகம், வெளியே ஒரு முகம், நடுவில் ஒன்றுமே இல்லை.

"நின்னுட்டியா?" என்று கேட்டார் மாமா.

அக்கா தூக்கிய கையை இறக்காமல், ஒற்றைக் கையால் சைக்கிளை ஓர் எட்டு முன்னால் தள்ளினார். மாமாவின் முகம் அதே திசையில் இருந்தது. இன்னோர் எட்டு. "நின்னுட்டியான்னு கேக்குறேன்ல?" என்றார், இப்போது குரலில் கூர்மை. நான் வாயைத் திறக்கப் போனேன், அக்கா தலையை அசைத்துத் தடுத்தார். இன்னோர் எட்டு. சைக்கிளின் முன்சக்கரம் பேருந்தின் மூக்கைத் தாண்டிய பிறகுதான் மாமாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிற்கிற வண்டியில் அவர் கால் பிரேக்கை மிதித்தது. மிதித்த காலை வெகுநேரம் எடுக்கவில்லை.

பின்னால் நின்ற பேருந்து வழிவிடச் சொல்லி ஒலியெழுப்பியது. மாமா இறங்கினார். சாவியை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குள் போனார். உள்ளே என்ன பேசினார்கள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. ஒருமுறை மேலதிகாரியின் குரல் உயர்ந்தது, பிறகு தணிந்தது. அக்கா சைக்கிளின் பிரேக்கை அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டிருந்தார். வேலையே போய்விடுமா, வேறு ஏதாவது வேலை கொடுப்பார்களா, மருந்து விட்டால் கண் சரியாகுமா, அல்லது இருப்பதாவது மிஞ்சுமா, எல்லாக் கேள்வியையும் என்னைத்தான் கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்லாமல், கண் மருத்துவமனை காலையிலேயே திறந்துவிடும் அக்கா என்று மட்டும் சொன்னேன்.

மாமா வெளியே வந்தபோது கையில் சாவி இல்லை. வேறு ஒருவர் அவருடைய பேருந்தில் ஏறிக் கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். மாமா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வந்து அக்காவின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்தார். கனமான ஆள். சைக்கிள் ஒருமுறை ஆடியது. அக்கா இரண்டு கைகளாலும் பிடியை இறுக்கிப் பிடித்து, பல்லைக் கடித்து மிதிக்க ஆரம்பித்தார். நான் பின்னால் போனேன்.

கண் மருத்துவமனைக்குப் பணிமனை வாசலைத் தாண்டியதும் இடப்பக்கம் திரும்ப வேண்டும். பெரிய சாலை, பின்னால் வண்டிகள் நெருக்கியடித்துக்கொண்டு வந்தன. அந்தக் கனத்தில் அக்காவால் சைகை காட்ட ஒரு கையைக்கூட எடுக்க முடியவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்தவரின் இடது கை மெல்ல வெளியே வந்தது. வருகிற வண்டிகளுக்கெல்லாம் தெரியும்படி, விரல்களைச் சேர்த்து, நேராக நீண்டது.